வெயிலும் சேர்க்கையும்: கேட்டலிஸ்ட் கேனை வைக்கும் இடம்

பைபர் பட்டறையில் ரெசின் பேரலுக்குத்தான் எல்லா மரியாதையும். இடம் பார்த்து இறக்குவோம், தார்ப்பாய் போட்டு மூடுவோம், விலையைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவோம். அந்த ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் மட்டும் 5 கிலோ வெள்ளை கேனில் வந்து, எந்த மூலை காலியோ அந்த மூலையில் உட்கார்ந்துகொள்ளும். இந்த அத்தியாயம் அந்தக் கேனுக்கானது.

2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் பைபர் படகு கட்டும் ஷெட்டுகள் வரிசையாக முளைத்தன. அப்படி ஒரு ஷெட்டில் நான் வேலை பார்த்த காலம். அக்னி நட்சத்திரம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். உள்ளே போன பையன் போன வேகத்தில் திரும்பி வந்தான். "அண்ணே, கேட்டலிஸ்ட் கேனு புள்ளத்தாச்சி மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது." எட்டிப் பார்த்தேன். தகரக் கூரைக்கு இரண்டடி கீழே, பலகைத் தட்டின் மேல், கேனின் நான்கு பக்கமும் வெளியே தள்ளி, அடிப்பாகம் உருண்டு, கேன் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மூடியைத் திறந்து காற்றை விட்டுவிடலாம் என்று ஒருவர் கையை நீட்டினார். நல்லவேளை, பெரிய மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் வெளியே வந்தோம். தோட்டத்துக் குழாயை நீட்டி, சுவர் மறைவில் நின்றபடி பொழுது சாயும்வரை கேன் மேல் தண்ணீர் அடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காரணம் தெரிந்தது. கேனின் சொந்த மூடி எங்கோ உருண்டு போயிருக்கிறது. யாரோ என்ஜின் ஆயில் கேனின் மூடியை எடுத்துத் திருகி, நன்றாக இறுக்கியும் வைத்திருக்கிறார்கள். பொறுப்பான ஆள்தான்.

கேட்டலிஸ்ட் கேனின் மூடியைத் திருப்பி வைத்து உள்பக்கம் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு துளையோ, காற்றை மட்டும் வெளியே விடும் சிறு வில்லையோ இருக்கும். அது உற்பத்திக் குறை என்று நினைத்து மெழுகு வைத்து அடைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தத் துளை ஏன் இருக்கிறது என்று புரிந்தால், இதை எப்படி வைக்க வேண்டும் என்பதில் பாதி புரிந்த மாதிரி.

கேனுக்குள் என்ன நடக்கிறது

நாம் கேட்டலிஸ்ட் என்றும் சிலர் ஹார்ட்னர் என்றும் சொல்வது பெரும்பாலும் எம்.இ.கே.பி. விரித்தால் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. பெராக்சைடு என்றாலே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று தளர்வாகக் கைகோத்து நிற்கும் பொருள். அந்தப் பிடி விட்டால்தான் ரெசின் கெட்டியாகும் வேலை தொடங்கும். பிடியை விடுவிக்க இரண்டு வழி. ஒன்று சூடு. மற்றொன்று கோபால்ட் போன்ற உலோகச் சேர்மம். பட்டறையில் நாம் இரண்டாவது வழியைப் பயன்படுத்துகிறோம்.

சிக்கல் என்னவென்றால், மூடிய கேனுக்குள்ளும் அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. விடும்போது சிறிது சூடும் சிறிது வாயுவும் வெளிவரும். குளுமையான அறையில் சூடு சுவர் வழியே போய்விடும், வாயு மூடித் துளை வழியே போய்விடும். அறை சூடாக இருந்தால் உள்ளே பிறக்கும் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. அது தங்கினால் சிதைவு வேகமாகும், சிதைவு வேகமானால் சூடு கூடும். ஓர் எல்லைக்கு மேல் வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை, கேன் தன்னையே சூடாக்கிக்கொள்ளும். அந்த எல்லைக்குப் பெயர் தானாகச் சூடேறிச் சிதையும் வெப்பநிலை. பொருள் அந்த வெப்பத்திலேயே இருந்தால் ஒரு வாரத்துக்குள் கைமீறிப் போகும் என்று அர்த்தம். பட்டறைகளுக்கு வரும் சாதாரணச் சரக்குக்கு, அதாவது சுமார் 9% செயல்படும் ஆக்சிஜன் உள்ளதற்கு, இது 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருக்கும். பொட்டலம் பெரிதாகப் பெரிதாக எல்லை கீழே இறங்கும். பெரிய பாத்திரத்துச் சோறு சீக்கிரம் ஆறாது என்பது போலத்தான்.

60 டிகிரி ரொம்பத் தூரம் என்று தோன்றும். மே மாத மதியத்தில் தகரக் கூரையின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கடையில் கேனை வாங்கி டிக்கியில் போட்டு, வழியில் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் வழக்கம் நம் ஊரில் உண்டு. விருந்து முடிவதற்குள் டிக்கியின் சூடு எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள்.

உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். வாங்கும் சரக்கின் பாதுகாப்புத் தரவுத் தாளில் ஏழாவது பகுதி சேமிப்பு பற்றியது. எண் அங்கே இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அபாய வேதிப்பொருளைக் கையாளும் தொழில் நடத்துபவர் அதற்கான தரவுத் தாளை வைத்திருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளே சொல்கின்றன. கடைக்காரர் முகம் சுளித்தால் கடையை மாற்றுங்கள்.

இடம்

நல்ல இடம் என்பது ஷெட்டை ஒட்டாத, வடக்குப் பார்த்த சிறு அறை. ஓடோ கான்கிரீட்டோ போட்ட கூரை, அதன் மேல் மரநிழல் விழுந்தால் இன்னும் நல்லது. தரையோரம் ஒரு ஜாலி, கூரையோரம் ஒரு ஜாலி. ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் கீழ் ஜாலியை விட்டுவிடக் கூடாது. உள்ளே ஸ்விட்ச் போர்டு வேண்டாம், பல்பும் வேண்டாம். வெளிச்சம் ஜாலியில் வருவது போதும். கேனை இரும்பு ரேக்கில் ஏற்றாமல் தரையிலேயே, ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிற்கவையுங்கள். ஒழுகினால் தொட்டியோடு நின்றுவிடும். அறையில் குளிர்ச்சியான இடமும் தரைதான்.

தனி அறை கட்ட எல்லோருக்கும் வசதியில்லை. அப்படியானால் ஷெட்டிலேயே காலை வெயிலும் மாலை வெயிலும் படாத சுவரோரம் தேடுங்கள். தேடுவதற்கு என் வழி இது: அதிகபட்ச வெப்பத்தைப் பதிவுசெய்து வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அதைக் கேன் வைக்கப்போகும் உயரத்தில் மூன்று நாள் தொங்கவிட்டு, தினமும் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள். கண்ணுக்கு நிழலாகத் தெரியும் இடம் 41 காட்டும். நான்கு தப்படி தள்ளி, தரை மட்டத்தில் 33 இருக்கும். பட்டறைக்கு வாங்கும் பொருள்களில் இதைவிட மலிவான காப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஏ.சி. போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். போடலாம். கரண்ட் போனால் என்ன செய்வோம் என்பதற்கு பதிலை முதலில் வைத்துக்கொண்டு போடுங்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கிராஸ்பியில் ஒரு பெராக்சைடு ஆலை இருக்கிறது. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய ரகங்களும் அங்கே இருந்தன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளம் ஆலைக்குள் புகுந்தது. மின்சாரம் போனது, மாற்று ஜெனரேட்டரும் மூழ்கியது. சரக்கைக் குளிர்பதன லாரிப் பெட்டிகளுக்கு மாற்றினார்கள். அந்தப் பெட்டிகளையும் தண்ணீர் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் ஒன்றரை மைல் வட்டாரத்து மக்களை வெளியேற்றினார்கள். ஆகஸ்ட் 31-ஆம் தேதி முதல் பெட்டி தானாகவே தீப்பிடித்தது. மொத்தம் ஒன்பது பெட்டிகள். மூன்று தாமாக எரிய, மீதி ஆறையும் அதிகாரிகளே கொளுத்தி முடித்தார்கள். நம் எம்.இ.கே.பி. அவ்வளவு கோபக்காரர் இல்லை, சாதாரண அறை வெப்பத்தைத் தாங்குவார். இருந்தாலும் குளிர்சாதனத்தை மட்டுமே நம்பிச் சரக்கைக் குவிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது.

வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். கூடாது. அதற்குள் தீப்பொறி விடும் மின் பாகங்கள் இருக்கின்றன. மோர் சட்டியும் இருக்கிறது.

யாரோடு சேரக் கூடாது

சூடு பாதிக் கதைதான். மீதிப் பாதி சேர்க்கை.

முதல் எதிரி கோபால்ட். ஊதா மை மாதிரி இருக்கும் ஆக்சிலரேட்டர். கேட்டலிஸ்ட்டும் கோபால்ட்டும் நேருக்கு நேர் சந்தித்தால் நொடியில் பொங்கிச் சீறும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். ரெசினில் முதலில் கோபால்ட்டைப் போட்டு நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட் என்ற வரிசை அதனால்தான். மேஸ்திரிகள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் விபத்து வருவது கலக்கும்போது இல்லை, வைக்கும்போது. இரண்டும் ஒரே தட்டில் அக்கம்பக்கமாக இருக்கும். கோபால்ட் ஒழுகிய வட்டத்தின் மேலேயே கேட்டலிஸ்ட் கேனைத் தூக்கி வைப்போம். இரண்டையும் அளக்க ஒரே மூடி, ஒரே ஊசி. ஊதாக் கறை படிந்த மூடியில் கேட்டலிஸ்ட்டை ஊற்றும்போது மூடி கையிலேயே கொதிக்கும்.

ஆகவே ஷெட்டின் ஒரு கோடியில் கோபால்ட், மறு கோடியில் கேட்டலிஸ்ட். அளவுக் குவளைகளும் அந்தந்த இடத்திலேயே நூலில் கட்டித் தொங்கட்டும். நூல் நீளம் பக்கத்து மேசைக்கு எட்டக் கூடாது. ஒரு ஷெட்டில் இதைச் செய்துவைத்தேன். முதல் வாரம் எல்லோரும் திட்டினார்கள், நடந்து நடந்து கால் வலிக்கிறதாம். இரண்டாவது வாரம் பழகிவிட்டது.

அசிட்டோன் இரண்டாவது. கை கழுவவும் பிரஷ் கழுவவும் பட்டறையில் எப்போதும் ஒரு டின் இருக்கும். தானே எளிதில் தீப்பற்றுவது என்பதோடு, கேட்டலிஸ்ட்டை அசிட்டோனில் கரைத்து நீர்த்துவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தக் கலவையில் லேசான அதிர்ச்சிக்கே வெடிக்கும் வேறு வகைப் பெராக்சைடு உண்டாகக்கூடும். செய்யவே செய்யாதீர்கள். துரு, செம்பு, பித்தளை, அமிலம், சோடா, இவையெல்லாமும் கேட்டலிஸ்ட்டைக் கிளறிவிடும். இரும்பு டின்னில் மாற்றுவதும் பித்தளைக் குழாய் மாட்டுவதும் இதனால்தான் தவறு. வந்த பாலித்தீன் கேனிலேயே இருக்கட்டும். அளந்து மிஞ்சியதைக் கேனுக்குள் திருப்பி ஊற்றும் சிக்கனமும் வேண்டாம். குவளையில் ஒட்டியிருந்த ஒரு சிட்டிகை கிரைண்டிங் தூசி முழுக் கேனையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது எதிரியை யாரும் எதிரியாகவே பார்ப்பதில்லை. பனியன் வேஸ்ட். சிந்திய கேட்டலிஸ்ட்டை அதில் துடைத்து மூலையில் எறிந்தால், குவியலுக்குள் சூடு மெல்லக் கூடி இரவில் தானாகப் பற்றிக்கொள்ளும். பக்கத்து ஷெட்டில் ஒரு விடியற்காலை இப்படித்தான் குப்பைக் கூடையும், அதன் பின்னால் சாத்தியிருந்த இரண்டு ரோல் மேட்டும் கருகிக் கிடந்தன. மரத்தூள் போட்டு உறிஞ்சவைப்பதும் இதே தவறுதான். ஆளில்லாத நேரத்தில் நடப்பதால் மின்கசிவு என்று எழுதிவிடுவார்கள்.

சிந்தினால் காய்ந்த மணல் அல்லது தோட்டக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட் போட்டு உறிஞ்சவிடுங்கள். பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, வாய் இறுக்காத பிளாஸ்டிக் பையில் ஷெட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். துடைத்த துணி எதுவானாலும் நேராகத் தண்ணீர் வாளிக்குள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். சாக்கடையில் ஊற்றுவது பற்றி எழுதவே கை கூசுகிறது.

கலந்து மிஞ்சிய ரெசினையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மக்கு நிறைய விட்டுவிட்டுப் போனால் அது புகைந்து வெடிப்பு விட்டு மக்கையும் உருக்கும். தரையில் விரித்த பாலித்தீன் தாளில் மெல்லிசாகப் பரப்பிவிட்டுப் போங்கள்.

தண்ணீர் பாட்டில்

ஐந்து கிலோ கேனைத் தூக்கிக்கொண்டு படகு மேல் ஏற முடியாது, உண்மைதான். அதனால் ஒரு லிட்டர் மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகிறோம். கேட்டலிஸ்ட் தண்ணீர் போலவே நிறமற்றது. மதிய வெயில், தாகம், படகின் விளிம்பில் ஒரு பாட்டில். நான் மேலே எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு மடக்கு போதும், தொண்டையிலிருந்து வயிறுவரை வெந்துபோகும், உயிரும் போகலாம். குடித்துவிட்டவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாயைக் கொப்புளிக்கவைத்து, கேன் லேபிளையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி.

மாற்று வழி இருக்கிறது. அழுத்தினால் மேல் கிண்ணத்தில் அளவோடு ஏறும் பாலித்தீன் அளவுப் பாட்டில் பைபர் சாமான் கடைகளில் கிடைக்கிறது. அதன் மேல் சிவப்பு நாடா ஒட்டுங்கள், அன்றைய தேவைக்கு மட்டும் நிரப்புங்கள். குடிநீர் பாட்டிலை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவரவே அனுமதிக்காதீர்கள். பானையும் டம்ளரும் வாசலில் இருக்கட்டும்.

கண்ணைப் பற்றி ஒரு பத்தி. ஒரு சொட்டு தெறித்தாலும் கருவிழி நிரந்தரமாகக் கெடலாம். மிச்சமிருப்பது சில நொடிகள்தான். கேன் இருக்கும் இடத்திலிருந்து பத்துத் தப்படிக்குள் குழாய் இருக்க வேண்டும். இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் ஆட்டோ. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம், அந்த நேரமும் தண்ணீருக்கே வேண்டும். கேனைத் திறக்குமுன் கண்ணாடி போட்டுக்கொண்டால் இந்தப் பத்தி தேவைப்படாது.

எவ்வளவு வாங்குவது

220 கிலோ ரெசின் பேரலுக்கு 1 முதல் 2% என்று கணக்குப் போட்டால் கேட்டலிஸ்ட் 2.2 முதல் 4.4 கிலோ. ஒரு பேரலுக்கு ஒரு சிறு கேன் போதும். மாதம் இரண்டு பேரல் ஓடும் பட்டறையில் 30 கிலோ எதற்கு? கிலோவுக்குச் சில ரூபாய் குறைகிறது என்பார்கள். அந்தச் சரக்கு ஒரு முழுக் கோடையைப் பார்த்துவிடும். பழசான கேட்டலிஸ்ட் வீரியம் குறைந்து ரெசின் பிடிக்க நேரமாகும். மேஸ்திரி கூடுதலாக ஊற்றுவார். படகின் ஒரு பக்கம் கல்லாக, மறு பக்கம் பிசுபிசுப்பாக நிற்கும். மிச்சம் பிடித்த ரூபாய் அங்கே போய்விடும்.

கேன் வந்த தேதியை மார்க்கர் பேனாவால் கேன் உடம்பிலேயே எழுதுங்கள், பழசு முன்னால் நிற்கட்டும். சந்தேகமிருந்தால் 100 கிராம் ரெசினில் வழக்கமான அளவு கலந்து எத்தனை நிமிடத்தில் பிடிக்கிறது என்று பார்த்துச் சுவரில் குறித்துவையுங்கள். அன்றைய வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

மற்ற ஹார்ட்னர்கள்

எபாக்சியின் ஹார்ட்னர் அமீன் வகை. வெடிக்காது, ஆனால் தோலை அரிக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு டின்னைத் திறந்தாலே உடம்பு தடிக்கும். காற்றில் உள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்வதால் மூடியோரம் வெள்ளைப் பொருக்கு கட்டும். எடுத்த உடனே மூடிவிடுங்கள். அமீன் பெராக்சைடைச் சிதைக்கும் என்பதால் இதற்கும் கேட்டலிஸ்ட் அறையில் இடமில்லை.

மரச்சாமானுக்கு அடிக்கும் பி.யு. பாலிஷின் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். இதற்குச் சூட்டைவிடத் தண்ணீர்தான் பகை. ஈரம் புகுந்தால் கரியமில வாயு கிளம்பி, மூடிய டின் உப்பும். போபாலில் 1984 டிசம்பரில் தண்ணீர் புகுந்ததும் ஓர் ஐசோசயனேட் டாங்கியில்தான். நம் டின்னில் இருப்பது அந்தக் குடும்பத்தில் மிகச் சாதுவான உறவினர். ஆனாலும் ஐப்பசி மழையில் பாதி தீர்ந்த டின்னைத் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் இறுக்கி மூடாதீர்கள். இதன் ஆவியும் ஸ்பிரேயும் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

கார் டிங்கரிங்கில் புட்டியோடு வரும் சிவப்புப் பேஸ்ட் ட்யூப் பென்சாயில் பெராக்சைடு. பேஸ்ட்டாக இருக்கும்வரை அடக்கமான பொருள். காய்ந்து பொடியானால் உரசலுக்கே பற்றும். ட்யூப் வாயில் காய்ந்திருப்பதைக் கத்தியால் சுரண்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் துணியும் தண்ணீர் வாளிக்கே.

கதவில் ஒரு பலகை

கேன் சூடாகிறது, குமிழி விடுகிறது, வெள்ளைப் புகை வருகிறது என்றால் தூக்கி வெளியே எறியப் போகாதீர்கள். ஆட்களை வெளியேற்றி, மறைவிலிருந்து நிறையத் தண்ணீர் அடிப்பது ஒன்றே வழி. பெராக்சைடு தன் ஆக்சிஜனைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. காற்றை மறைத்து அணைக்கும் கரியமில வாயு சிலிண்டர் இதற்கு அவ்வளவாக உதவாது. அணைந்தது போலிருந்து மறுபடி பிடிக்கும்.

வருகிற தீயணைப்பு வீரருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். 1964 ஜூலை 14 அன்று தோக்கியோவின் ஷினகாவா பகுதியில் ஒரு கிடங்கு வளாகத் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வைத்திருந்த எம்.இ.கே.பி. வெடித்தது. தீயணைக்க வந்தவர்களில் 19 பேர் இறந்தார்கள்.

எங்கள் கதவில் தொங்கும் பலகையில் மூன்று வரிதான். "உள்ளே பெராக்சைடு கேட்டலிஸ்ட், 10 கிலோவுக்குள். இடது கோடி, தரையில். கோபால்ட் வலது கோடியில்." கீழே உரிமையாளரின் கைப்பேசி எண். வருடத்துக்கு ஒருமுறை, பங்குனி பிறந்ததும், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போய் இதே மூன்று வரியை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். முதல் வருடம் அங்கிருந்த அலுவலர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க?" என்று கேட்டார். அடுத்த வருடம் அவரே ஷெட்டுக்கு வந்து, தண்ணீர் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துவிட்டுப் போனார்.